வயல்மண் கிருமி ஒன்றின் பெயர் வரலாறு

மட்டக்களப்பில் ஐப்பசி பிறந்து மாரிமழை இறுகத் தொடங்கியதும், எங்கள் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்கு வரும் குருதி வளர்ப்புப் போத்தல்களிலும் சீழ் மாதிரிகளிலும் ஒரு குறிப்பிட்ட பற்றீரியாவை எதிர்பார்த்தே நாங்கள் வேலை செய்வோம். அதன் இன்றைய அறிவியற்பெயர் பேர்கோல்டேரியா சூடோமல்லேயி. அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். வயலோடு சீவிக்கும் படுவான்கரைக் குடும்பங்களுக்கு எலிக்காய்ச்சல் என்ற பெயர் நன்றாகப் பழக்கப்பட்டது. மெலியோய்டோசிஸும் அதே சேற்றிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதில் விழுந்து எழும்பியவர்களுக்குக்கூட அந்தப் பெயர் வாயில் நுழைவதில்லை.

இந்தப் பற்றீரியாவுக்கு இன்றைய பெயர் எப்படி வந்தது, அதற்கு முன் அது எந்தெந்தப் பெயரில் எந்தெந்தக் கூட்டத்தோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது, அப்படிச் சேர்த்து வைத்தது நோயாளியின் கட்டிலருகே என்ன விளைவை உண்டாக்குகிறது என்பவற்றையே இங்கே எழுத விரும்புகிறேன். வகைப்பாட்டியல் என்றதும் இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று உயர்தரப் பரீட்சைக்கு மனனம் செய்த வரிசைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். (தமிழகப் பாடநூல்கள் பேரினம் என்று சொல்வதை இலங்கையில் நாங்கள் சாதி என்கிறோம்.) ஆய்வுகூட அறிக்கையில் சாதிப்பெயரும் இனப்பெயரும் எழுதப்படும் அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான் எந்த மருந்து, ஊசியா மாத்திரையா, இரண்டு கிழமையா மூன்று மாதமா என்பதை வைத்தியர் முடிவு செய்கிறார் என்பதால், அந்த வரிசையின் கடைசி இரண்டு படிகளையும் உயிர்காக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் எவர் துணையுமின்றி வாழும் உயிரி இது. காலில் உள்ள வெடிப்பு, வரம்பு வெட்டும்போது பட்ட சிறு கீறல் ஆகியவற்றின் ஊடாக உடலுக்குள் போகும். கடும் மழையும் காற்றும் சேர்ந்து வீசும்போது சுவாசத்தோடு கலக்கும். அசுத்தமான நீரோடு வயிற்றுக்குள்ளும் இறங்கும். சுகதேகிகள் பலருக்கு ஒன்றும் நேராமல் போகலாம். நீரிழிவு, எங்கள் ஊர்ப் பேச்சில் சீனி வருத்தம், உள்ளவர்களைத்தான் இது கடுமையாகத் தாக்குகிறது. நாட்பட்ட சிறுநீரக நோயும் அளவுமீறிய மதுப்பழக்கமும் அடுத்த காரணிகள். ஒருவருக்கு நியுமோனியாவாக வரும், இன்னொருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வரும், மற்றொருவருக்கு மூட்டு வீக்கமாக வரும், வேறொருவருக்கு மாதக்கணக்கில் இருமலும் உடல் மெலிவுமாக நீடித்துக் காசநோய் என்றே எண்ண வைக்கும். உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இந்நோய் ஏற்பட்டு 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016 இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இலங்கையில் முதல் நோயாளியைப் பற்றிய குறிப்பு 1927 இல் வெளிவந்தது. அவர் கொழும்பிலிருந்த ஓர் ஐரோப்பியர். அதன் பிறகு பல தசாப்தங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகவே செய்திகள் கிடைத்தன. 2006 க்குப் பிறகு ஆய்வுகூடங்கள் இதைத் தேடத் தொடங்கியபோதுதான் தீவின் பல மாகாணங்களில் இது இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் வயல்களில் இது இருக்கவில்லை என்று எண்ண எந்த நியாயமும் இல்லை.

பெயரின் கதை இரங்கூனில் தொடங்குகிறது. 1911 இல் அந்நகரின் பொது வைத்தியசாலையில் நோயியலாளராக இருந்த அல்பிரட் விட்மோரும் அவருடைய உதவியாளரான கிருஷ்ணசாமியும், வறுமையிலும் மோர்பின் பழக்கத்திலும் உழன்று இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது நுரையீரல், ஈரல், மண்ணீரல் எங்கும் பாலாடைக்கட்டி போன்ற சீழ்த்திரள்களைக் கண்டார்கள். குதிரைகளைத் தாக்கி அரிதாக மனிதருக்கும் தொற்றுகிற கிளாண்டர்ஸ் என்ற நோயை அது வெகுவாக ஒத்திருந்தது. ஆனால் இறந்தவர்கள் குதிரைகளோடு பழகியவர்கள் அல்லர். வளர்த்தெடுத்த பற்றீரியாவோ கிளாண்டர்ஸ் கிருமியைவிட விரைவாகவும் செழிப்பாகவும் வளர்ந்ததோடு, கிளாண்டர்ஸ் கிருமியைப் போல அசையாமல் கிடக்காது நீந்தித் திரிந்தது. 1912 இல் இருவரும் சேர்ந்து நோயை விவரித்தார்கள். 1913 இல் விட்மோர் தனியே எழுதிய கட்டுரையில் அந்தக் கிருமிக்குப் பசிலஸ் சூடோமல்லேயி என்று பெயரிட்டார். கிளாண்டர்ஸ் கிருமிக்கு 1885 இலேயே பசிலஸ் மல்லேயி என்ற பெயர் இருந்தமையால், அதுபோலத் தோன்றி அதுவாக இல்லாத ஒன்று என்பதை, போலி என்று பொருள்படும் சூடோ என்ற முன்னொட்டோடு இந்தப் பெயர் தாங்கி நிற்கிறது.

அறிவியற்பெயரிடலின் விதிப்படி, பெயரை முறையாக வெளியிட்டவருக்கே உரிமை சேரும். முதலில் கண்டவருக்கோ கூட நின்று வெட்டிப் பார்த்தவருக்கோ அல்ல. அதனால்தான் இந்த இனத்தின் முழுப் பெயரில் இன்றைக்கும் விட்மோர் 1913 என்று மட்டும் வருகிறது. விதியில் பிழை இல்லை. ஒரு பெயர் எப்போது எவரால் பிறந்தது என்பதில் ஐயம் வராமல் காப்பதற்கு அப்படி ஒரு கண்டிப்பு வேண்டும். ஆயினும் கண்டுபிடிப்பை எழுதும் ஒவ்வொருவரும் கிருஷ்ணசாமியின் பெயரையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பயிலுநர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அவரிலிருந்துதான் தொடங்குகிறேன்.

நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் வேறு இருவர். மலாயாவில் பணியாற்றிய ஸ்டான்டனும் பிளெட்சரும் 1921 இல் மெலியோய்டோசிஸ் என்ற சொல்லை உருவாக்கினார்கள். நோயின் பெயர் அன்று முதல் அசையாமல் நிற்கிறது. கிருமியின் பெயரோ ஊர் ஊராக மாறியது. பசிலஸ் என்ற சாதி கோல்வடிவம் கொண்டவை அனைத்தையும் போட்டுவைத்த பொதுக் கூடையாக இருந்த காலம் முடிந்து, வித்திகளை உண்டாக்கும் பற்றீரியாக்களுக்கு மட்டும் அது உரியதானபோது, இது வெளியே தள்ளப்பட்டது. சிலர் பைஃபரெல்லா என்றார்கள், சிலர் மல்லியோமைசெஸ் என்றார்கள், இன்னும் சிலர் லெஃப்லரெல்லா என்றார்கள். இனப்பெயருக்குக்கூட விட்மோரை நினைவுகூரும் இன்னொரு வடிவம் நூல்களில் உலாவியது. இந்தப் பெயர்கள் பலவற்றிலும் கிளாண்டர்ஸ் கிருமியோடு இதை ஒட்டிவைக்கும் முயற்சிதான் தெரிகிறது. 1957 இல் சூடோமோனாஸ் சூடோமல்லேயி என்ற பெயர் நிலைபெற்றது. கிராம் எதிர்ச் சாயம் எடுப்பது, ஒட்சிசன் கொண்டு வாழ்வது, கோலின் முனையில் சவுக்குமுளை கொண்டு நீந்துவது ஆகிய இலக்கணங்களை வைத்துக் கட்டப்பட்ட சாதி சூடோமோனாஸ். அந்த இலக்கணம் தளர்வானது. மண்ணிலும் நீரிலும் வாழும் நூற்றுக்கணக்கான பற்றீரியாக்கள் அதற்குள் வந்து குவிந்தன.

அந்தக் குவியலுக்குள் உள்ள உறவுகளை முதன்முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் நோர்பேர்ட்டோ பல்லெரோனி. 1973 இல் அவரும் அவருடைய குழுவினரும் கலத்தில் புரதம் ஆக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதைப் பார்த்து, சூடோமோனாஸ் என்ற ஒரே பெயருக்குள் ஐந்து தனித்தனிக் குழுக்கள் இருப்பதைக் கண்டார்கள். புறத்தோற்றத்திலும் உணவுப்பழக்கத்திலும் ஒன்றாகத் தெரிந்தவை, பரம்பரையில் வெகுதூரத்து உறவினராக இருந்தன. இரண்டாம் குழுவில் எங்கள் வயல்மண் கிருமியும் கிளாண்டர்ஸ் கிருமியும், தாவரங்களை அழுகவும் வாடவும் வைக்கும் சிலவும் சேர்ந்திருந்தன. ஆனாலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பழைய பெயரே தொடர்ந்தது. 1992 இல்தான் யப்பானைச் சேர்ந்த எய்க்கோ யாபுச்சியும் அவருடைய சகாக்களும் ஏழு இனங்களைச் சூடோமோனாசிலிருந்து எடுத்து, பேர்கோல்டேரியா என்ற புதிய சாதியை உருவாக்கினார்கள். அமெரிக்கத் தாவர நோயியலாளரான வால்ட்டர் பேர்கோல்டர், 1950 இல் வெங்காயத்தை அழுகவைக்கும் பற்றீரியா ஒன்றை விவரித்து செபேசியா என்று பெயரிட்டவர்; அவர் பெயரே சாதிப்பெயராயிற்று. இந்த மாற்றம் முதலில் வெளியான ஆய்விதழ், பற்றீரியாப் பெயர்களை முறைப்படி அங்கீகரிக்கும் இதழ் அன்று. ஆகவே அந்த அங்கீகார இதழின் பட்டியலில் 1993 இல் இடம்பிடித்த பிறகே பெயர் செல்லுபடியானது. பேர்கோல்டேரியா சூடோமல்லேயி (விட்மோர் 1913) யாபுச்சி மற்றும் சகாக்கள் 1993 என்று முழுமையாக எழுதும்போது, அடைப்புக்குறிக்குள் இருப்பவர் இனப்பெயரைப் பெற்றுக்கொடுத்தவர், வெளியே இருப்பவர்கள் இன்றைய சாதிக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்கள் என்று படிக்கவேண்டும். எண்பது ஆண்டுகாலப் பயணம் அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது.

அந்த ஏழில் ஒன்றை எங்கள் ஊர்த் தோட்டக்காரர் எவரும் பெயர் தெரியாமலே அறிந்திருப்பார். கத்தரியோ தக்காளியோ மிளகாயோ முதல்நாள் வரை பச்சைப் பசேலென்று நின்றுவிட்டு, இலை மஞ்சளாகாமலே திடீரெனத் துவண்டு சாய்ந்துவிடும். அந்தச் செடியின் தண்டை அடியில் குறுக்காக வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டுமுகம் நீரைத் தொடும்படி அசையாமல் பிடித்தால், சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து வெண்மையான நூலிழைகள் நீருக்குள் மெல்ல இறங்குவது தெரியும். அவை தண்டின் காழ்க்கலன்களை அடைத்துக்கொண்டிருந்த பற்றீரியாத் திரள்கள். வாடல்நோயை உண்டாக்கும் அந்தப் பற்றீரியாவும் 1992 இல் பேர்கோல்டேரியாவாகி, மூன்றே ஆண்டுகளில் ரால்ஸ்டோனியா சோலனசேரம் என்று மீண்டும் இடம் மாறியது. ஒரே வளவின் மண்ணில் செடியைக் கொல்லும் ஒன்றும் மனிதரைக் கொல்லும் ஒன்றும் சில காலம் ஒரே சாதிப்பெயரோடு இருந்தன என்பதை, இந்தச் சோதனையைச் செய்து காட்டும்போதெல்லாம் நான் பயிலுநர்களிடம் சொல்வதுண்டு.

பற்றீரியாக்களின் பெயரிடல் விதிகள் தாவர, விலங்குப் பெயரிடல் விதிகளிலிருந்து சில இடங்களில் முக்கியமாக வேறுபடுகின்றன. முன்பு இவற்றின் முன்னுரிமையும் லின்னேயசின் 1753 ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்றது. யார் எங்கே எந்தப் பெயரை வைத்தார் என்று இருநூறு ஆண்டு நூல்களைக் கிளறுவது முடியாத காரியமாகியதோடு, பழைய பெயர்கள் பலவற்றுக்கு எந்த உயிரி உரியது என்றுகூடக் கண்டுபிடிக்க இயலவில்லை. எனவே 1980 சனவரி 1 ஆம் திகதியைப் புதிய தொடக்கமாக வைத்து, அங்கீகரிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டது. அதில் இடம்பெற்றவை 2,000 க்குச் சற்று அதிகமான பெயர்கள்தான். விடுபட்ட பல்லாயிரம் பெயர்கள் அன்றோடு செல்லுபடியற்றவை ஆயின. வேறெந்தத் துறையும் இவ்வளவு துணிச்சலாகத் தன் பழைய ஏட்டை மூடிவிட்டுப் புதிய ஏட்டைத் திறந்ததாக நான் அறியேன்.

இன்னொரு வேறுபாடு வகைமாதிரி பற்றியது. ஒரு பூச்செடியின் பெயருக்கு ஆதாரமாக உலர்த்திய செடி ஒன்று தாவரக் காப்பகத்தில் இருந்தால் போதும். பற்றீரியா இனத்துக்கோ உயிரோடு வளரக்கூடிய வளர்ப்பு ஒன்று வகைமாதிரியாக இருக்கவேண்டும். இன்றைய விதிப்படி புதிய இனம் ஒன்றின் வகைமாதிரியை இரு வேறு நாடுகளிலுள்ள இரு வளர்ப்புச் சேமிப்பகங்களில் ஒப்படைத்தாலன்றிப் பெயர் செல்லாது. எங்கேனும் ஓர் ஆய்வுகூடத்தில் ஐயம் எழுந்தால், அந்த உயிருள்ள மாதிரியை வரவழைத்துத் தன் மாதிரியோடு அருகருகே வளர்த்துப் பார்க்கலாம். இனம் என்றால் என்ன என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. இரு மாதிரிகளின் டி.என்.ஏ ஒன்றோடொன்று பிணையும் அளவு 70 சதவீதத்துக்கு மேலிருந்தால் ஒரே இனம் என்று 1987 முதல் கொண்டார்கள். முழு மரபணுத்தொகுதியையும் வாசிக்க முடிகிற இந்நாளில், ஒத்த பகுதிகளின் சராசரி ஒற்றுமை 95 அல்லது 96 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். இது இயற்கை போட்ட கோடு என்று நான் நம்பவில்லை. பாலியல் இனப்பெருக்கமின்றிப் பிளந்து பெருகும் உயிர்களுக்கு மனிதர் உடன்பட்டு வரைந்துகொண்ட எல்லை. ஆனால் எல்லோரும் ஒரே எல்லையை ஏற்றுக்கொண்டமையால் கொழும்பில் ஒருவர் எழுதும் பெயரும் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ஒருவர் எழுதும் பெயரும் ஒரே உயிரியைக் குறிக்கின்றன.

இனி ஆய்வுகூட மேசைக்கு வருகிறேன். குருதி சேர்த்த ஏகர் என்ற வளர்ப்பூடகத் தட்டில் முதல்நாள் இந்தப் பற்றீரியா சிறிய, வழுவழுப்பான, வெண்சாம்பல் நிறப் புள்ளிகளாகவே தெரியும். எவருடைய கவனத்தையும் அது ஈர்க்காது. தட்டை எறியாமல் வைத்திருந்தால், இரண்டாம் மூன்றாம் நாட்களில் அதே புள்ளிகள் உலர்ந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழுந்து, மேலே ஒருவகை உலோகப் பளபளப்பும் தோன்றும். ஊதாச்சாயமும் ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்த அஷ்டவுண் ஏகரில் அந்தச் சுருக்கமும் ஊதா நிறமும் இன்னும் எடுப்பாகத் தெரியும். சாயமிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கோலின் இரு முனைகளும் அடர்ந்து நடுப்பகுதி வெளிறி, சட்டையில் குத்தும் சேப்டிப் பின் போலத் தோன்றும். தட்டில் வளர்ந்ததை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்க்கும் பழக்கம் முற்றாகக் கூடாது. ஐயம் தோன்றிய கணமே வேலையை உயிர்ப்பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மாற்றவேண்டும்.

விலையுயர்ந்த இயந்திரங்கள் இல்லாத ஆய்வுகூடங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒக்சிடேஸ் சோதனைக்கு நேர்விளைவு காட்டும் கிராம் எதிர்க் கோல் ஒன்று, ஜென்டமைசின் மருந்து ஊறிய வட்டத்தாளையும் கொலிஸ்டின் வட்டத்தாளையும் பொருட்படுத்தாமல் அவற்றை ஒட்டி வளர்ந்து, கோ-அமொக்சிக்ளாவ் வட்டத்தாளைச் சுற்றி மட்டும் வளராமல் நின்றால், அதைப் பேர்கோல்டேரியா சூடோமல்லேயி என்று உத்தேசமாகக் கொள்ளலாம். மூன்று சிறு கடதாசி வட்டங்களைக் கொண்டு ஓர் இனத்தை இந்த அளவுக்கு நெருங்கிவிட முடிவது இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்தமான விடயங்களில் ஒன்று. இங்கே வகைப்பாட்டின் பயனும் கண்ணுக்குத் தெரிகிறது. சூடோமோனாஸ் சாதியில் நாம் அடிக்கடி காணும் ஏருஜினோசா இனத்துக்குக் கோ-அமொக்சிக்ளாவ் வேலை செய்யாது, கொலிஸ்டின் வேலை செய்யும். நமது வயல்மண் கிருமி நேரெதிர். பல்லெரோனி ஆர்.என்.ஏ யில் கண்ட தூரம், தட்டில் இப்படி வட்டங்களாகத் தெரிகிறது.

எனினும் பழைய பெயரின் நிழல் இலேசில் விலகுவதில்லை. என் பெரியப்பா கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்பவர். நீண்டகாலமாக நீரிழிவு உள்ளவர். ஒரு பெரும்போகத்தின்போது அவருடைய முழங்கால் வீங்கிக் காய்ச்சலும் கண்டது. வேறோர் இடத்தில் எடுத்த சீழ்ப் பரிசோதனை அறிக்கையில் சூடோமோனாஸ் வகை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். சாதாரண சூடோமோனாசுக்கு உரிய மருந்து கொடுக்கப்பட்டது. வீக்கம் சற்றே வடிந்து, பிறகு முன்னையைவிட மோசமாகத் திரும்பி வந்தது. மீண்டும் மாதிரி எடுத்து இனம்வரை அடையாளங்கண்ட பிறகே உரிய சிகிச்சை தொடங்கியது. பக்கத்தில் போய் இருந்தபோது அவர் கேட்டார்: "என்ன புள்ள, போன தரம் ஒரு பேர் சொன்னாங்க, இப்ப வேற ஒரு பேர் சொல்லுறீங்க. ரெண்டும் ஒரே கிருமியா, வேற வேறயா?" 1992 க்கு முன்பென்றால் இரண்டு அறிக்கைகளையும் சரியென்றே சொல்லியிருக்க வேண்டும் என்பதை அவருக்கு விளங்கப்படுத்துவது எளிதாக இருக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது வகைப்பாட்டியலாளர்கள் நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் அதே கேள்வி. அவருக்கு முதலில் நாளத்தினூடாகச் செப்டசிடைம் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்த பின் மாதக்கணக்கில் கோ-ட்ரைமொக்சசோல் மாத்திரை. நோய் மீண்டும் தலைதூக்காதிருக்க இந்த இரண்டாம் கட்டம் இன்றியமையாதது. குறைந்தது மூன்று மாதம் தொடரவேண்டும். சூடோமோனாஸ் வகை என்ற அறிக்கையைப் பார்த்து எந்த வைத்தியரும் மூன்று மாத மாத்திரை எழுதமாட்டார்.

தன்னியக்க இயந்திரங்களிலும் இதே சிக்கல் வேறொரு வடிவில் வருகிறது. சில இயந்திரங்கள் இந்தக் கிருமியை அதன் சகோதர இனமான பேர்கோல்டேரியா செபேசியா என்று அச்சிட்டுத் தருவது பல நாடுகளில் பதிவான பிழை. செபேசியா பெரும்பாலும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களிடமோ, மாசுபட்ட மருத்துவத் திரவங்கள் வழியாக வைத்தியசாலைக்குள்ளோ தொற்றுகிற ஒன்று. வயல்வேலை செய்யும் நீரிழிவு நோயாளியின் குருதியில் செபேசியா என்று இயந்திரம் சொன்னால், அதை அப்படியே எழுதி அனுப்பக்கூடாது. கோ-அமொக்சிக்ளாவ் வட்டத்தாளைத் திரும்பவும் பார்க்கவேண்டும், செபேசியாவுக்கு அது பொதுவாக வேலை செய்வதில்லை.

ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்ததால் விளைந்த நன்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு தாய்லாந்திலிருந்து கிடைக்கிறது. அங்கே மண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஒரு பகுதி அரபினோஸ் என்ற வெல்லத்தை உண்டு வளர்ந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்தவையோ அநேகமாக எல்லாமே அதை உண்ணவில்லை. வெல்லத்தை உண்பவை நோயை அரிதாகவே உண்டாக்கின. 1998 இல் அவை பேர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்று தனி இனமாக்கப்பட்டன. அதற்கு முன் ஒரு மாவட்டத்தின் மண்ணில் எத்தனை வயல்களில் ஆபத்து இருக்கிறது என்று கணக்கெடுத்தவர்கள், ஆபத்தற்றதையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வட்டைகளின் மண்ணை எடுத்து ஆராய முன்வரும் எவரும் அந்தப் பிரிப்பின் பயனை முதல்நாளே அனுபவிப்பார்கள்.

சேர்க்கக்கூடாத இடமும் உண்டு. 2004 இல் நமது கிருமியினதும் கிளாண்டர்ஸ் கிருமியினதும் மரபணுத்தொகுதிகள் முழுமையாக வாசிக்கப்பட்டன. முதலாவதில் ஏறத்தாழ 72 இலட்சம் எழுத்துக்கள், இரண்டு நிறமூர்த்தங்களில் பரந்திருந்தன. இரண்டாவதில் 58 இலட்சம்தான். கிளாண்டர்ஸ் கிருமியில் உள்ளவை ஏறத்தாழ முழுவதும் மற்றதிலும் இருந்தன. மண்ணில் வாழ்ந்த சூடோமல்லேயியின் ஒரு கிளை, முன்னொரு காலத்தில் குதிரை போன்ற விலங்கு ஒன்றின் உடலுக்குள் குடியேறி, மண்ணில் பிழைக்கத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாக இழந்து கிளாண்டர்ஸ் கிருமியானது என்பதே இன்று ஏற்கப்பட்ட விளக்கம். 95 சதவீத அளவுகோலை அப்படியே பிரயோகித்தால் இரண்டும் ஒரே இனம். ஒன்றாக்கினால், விதிப்படி மூத்த பெயரே நிலைக்கும். 1885 ஆம் ஆண்டுப் பெயரான மல்லேயி 1913 ஆம் ஆண்டுப் பெயரை விழுங்கிவிடும். அப்போது வயலில் இறங்கிக் காய்ச்சல் கண்டு வருகிறவருடைய அறிக்கையில், அவர் வாழ்நாளில் நெருங்கியிராத குதிரையின் நோய்க்கிருமிப் பெயரை நாங்கள் எழுதவேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட நிலைமைக்கென்றே பெயரிடல் விதிகளில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒரு பெயரைப் பயன்படுத்துவதால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கேடு விளையக்கூடும் என்றால், அதை ஆபத்தான பெயர் என்று நிராகரிக்கலாம். கொள்ளைநோய்க் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸ் விடயத்தில் அது நடந்தது. டி.என்.ஏ ஒப்பீட்டின்படி அது, பெரும்பாலும் குடல்நோயை மட்டும் உண்டாக்கும் யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸ் இனத்தின் உபஇனம்தான் என்று கண்டு, பெயரை மாற்ற முன்மொழிந்தார்கள். அறிக்கையைப் படிப்பவர் கடைசிச் சொல்லைக் கவனியாது விட்டால் கொள்ளைநோய் பரவிவிடும் என்று அஞ்சி, பெயரிடல் நீதிக்குழு 1985 இல் அந்தப் புதிய பெயரை நிராகரித்துப் பழையதைக் காத்தது. மல்லேயியும் சூடோமல்லேயியும் தனித்தனி இனங்களாகவே நிற்பதற்கும் இத்தகைய மருத்துவக் காரணமே முதன்மையானது. வம்சாவழியைத் துல்லியமாகக் காட்டுவதே வகைப்பாட்டின் கடமை என்று வாதிடுவோரின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்று மண்ணிலிருந்து வருகிறது, மற்றது விலங்கிலிருந்து வருகிறது. தடுக்கும் வழியும் தேடும் இடமும் வேறு. அந்த வேறுபாட்டைப் பெயர் மறைத்துவிடுமானால் எங்களைப் போன்ற மாவட்டங்களே அதற்கு விலை கொடுக்கும்.

மேல்படிகளில் நடக்கும் மாற்றங்கள் இந்த அளவுக்குக் கட்டிலருகே வந்து சேர்வதில்லை. 2021 இல் கணங்களின் பெயர்களும் விதிக்குள் வந்தபோது புரோட்டியோபற்றீரியா என்று நாம் படித்த கணம் சூடோமோனடோட்டா ஆனது. பாடக்குறிப்பில் திருத்திக்கொண்டால் முடிந்தது. பேர்கோல்டேரியா சாதி 2014 இல் மறுபடி பிளந்ததைச் சற்றுக் கவனிக்கலாம். மண்ணிலும் தாவர வேர்களிலும் தீங்கின்றி வாழும் பல இனங்கள் பராபேர்கோல்டேரியா என்று வெளியேறின. தொட்டாற்சுருங்கியின் வேர்முடிச்சில் நைதரசனைப் பதிக்கும் ஓர் இனமும் அவற்றுள் ஒன்று. பேர்கோல்டேரியா என்ற சொல்லைக் கேட்டதும் விழிப்படைய இப்போது முன்னைவிட வலுவான காரணம் இருக்கிறது.

இப்போது எங்கள் அறிக்கைகளில் சாதிப்பெயரோடு நிறுத்துவதில்லை. உத்தேச அடையாளமாக இருந்தாலும் இனப்பெயரை முழுமையாக எழுதி, மெலியோய்டோசிஸ் என்பதையும் அருகிலேயே குறித்து, தாள் போய்ச் சேருமுன் விடுதி வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறோம். மாதிரி அனுப்பும் வைத்தியர்களிடமும் தாதியர்களிடமும் நான் கேட்பது, கோரிக்கைப் படிவத்தில் காய்ச்சல் என்று மட்டும் எழுதாமல், தொழில் வயல்வேலை, நீரிழிவு உண்டு என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் என்பதே. அவை எழுதப்பட்டிருந்தால், முதல்நாள் ஒன்றும் விசேடமாகத் தெரியாத தட்டை அன்றைக்கே கழிவில் போடாமல் மூன்றாம் நாள் வரைக்கும் அடைகாப்பியில் வைத்திருப்போம்.